முதலெழுத்து எம்மொழியில்?

ஒரு பிள்ளை முதன்முதலாகக் கண்ணால் கண்டு வாயால் ஒலிக்கும் எழுத்து எம்மொழி எழுத்தாக இருத்தல் வேண்டும் என்பது, பெற்றோர்தம் விருப்பு வெறுப்பைப் பொறுத்த செய்தி அன்று. அப்பிள்ளை தன் வாழ்நாள் முழுதும் எவ்வாறு படிக்கும், படித்ததை எவ்வாறு உணரும் என்பதை அஃது உறுதி செய்கின்றது. தமிழ்நாட்டில் இக்கேள்வி 'தமிழா, ஆங்கிலமா?' என்னும் வழக்காகவே நெடுங்காலம் நடந்து வந்துள்ளது. தமிழை முதற்கண் கற்றால் ஆங்கிலம் வாராது என ஒரு சாரார் அஞ்சுகின்றனர். ஆங்கிலத்தைத் தொட்டாலே தமிழ் கெடும் என மற்றொரு சாரார் அஞ்சுகின்றனர். இரண்டு அச்சமும் அடிப்படை அற்றவை. இருமொழி அறிதல் குற்றமன்று. இரண்டனுள் எது முன், எது பின் என்னும் முறை பிறழ்தலே குற்றம்.

இதனை உணர்தற்குப் பெருநகர்களை நாட வேண்டுவதில்லை. திண்டுக்கல் மாவட்டத்துக் கொடைக்கானல் வட்டத்திலுள்ள பண்ணைக்காடு ஒன்றே போதும். குளம்பியும் மிளகும் மலைவாழையும் விளையும் கீழ்ப்பழனிமலைப் பேரூர் அது. இம் மலைத்தொடர் தமிழுக்குப் புதிதன்று. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகன் ஆண்ட பொதினி இதன் அடிவாரத்தது; கழகப் பாவலர் பாடிய கடியநெடுவேட்டுவன் கோடைமலைத் தலைவன். இங்குத் தாய் தாலாட்டுவது தமிழில்; தோட்டத்தில் ஆள் அழைப்பது தமிழில்; அங்காடியில் விலை பேசுவது தமிழில். ஆயினும் கொடைக்கானலுக்கு ஏறும் சாலையின் இருமருங்கும் நிற்கும் விடுதிப் பலகைகளை நோக்கின், அவற்றுள் தமிழைத் தேடிக் காண வேண்டியுள்ளது. பெயர்ப்பலகையில் தமிழே முதலிடம் பெறல் வேண்டும் என்னும் அரசு நெறி ஏட்டளவில் உறங்குகின்றது. காதெல்லாம் தமிழாகவும் கண்ணெல்லாம் ஆங்கிலமாகவும் வளர்கின்ற அம் மலைப்பிள்ளையை, மூன்றாம் அகவையிலோ நான்காம் அகவையிலோ வண்டியேற்றி ஆங்கில மழலையர் பள்ளிக்கு விடுக்கின்றனர். அங்கு அதன் கையில் முதற்கண் திணிக்கப்பெறுவது ஆங்கில நெடுங்கணக்கே.

அதனால் விளைவது யாது என்பதை அறிய, படித்தல் என்னும் தொழில் எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். படித்தலில் இரண்டு படிகள் உண்டு. எழுத்தைக் கண்டு ஒலியாக்குதல் முதற்படி. அவ்வொலியைக் கேட்டுப் பொருள் கொள்ளுதல் இரண்டாம் படி. ஐந்தாண்டு நிரம்பிய பிள்ளை பள்ளிக்கு வருமுன்னரே தன் தாய்மொழிச் சொற்கள் பல்லாயிரத்தைச் செவிவழியாகச் சேர்த்து வைத்துள்ளது. 'மலை' என்னும் இரண்டெழுத்தைக் கூட்டி ஒலித்த அளவிலேயே, அதன் வீட்டு வாயிலில் நிற்கும் மலை அதன் உள்ளத்தில் எழுந்து நிற்கும். எழுத்து ஒலியாகி, ஒலி பொருளாகும் அந் நொடியில்தான் 'எழுத்து பேசுகின்றது' என்னும் வியப்பு பிள்ளைக்குத் தோன்றுகின்றது. அவ்வியப்பே படிப்பின் வித்து.

ஆங்கிலத்தில் தொடங்கும் மலைப்பிள்ளைக்கோ முதற்படி மட்டுமே உண்டு. இரண்டாம் படி இல்லை. எழுத்துக் கூட்டி ஒலிக்கும்; ஒலித்த ஒலிக்கு உள்ளத்தில் எதிரொலி எழாது. ஆகவே அது நெட்டுருப் போடுகின்றது. பொருளின்றி ஒலித்தலே படிப்பு என்று ஒருமுறை பழகிவிட்ட பிள்ளை, பிற்காலத்தில் தமிழை எடுத்துப் படித்தாலும் அவ்வாறே ஒலித்துவிட்டு நிற்கும். இங்கே கெடுவது ஒரு மொழி அன்று. படித்தால் பொருள் வரும் என்னும் நம்பிக்கையே கெடுகின்றது.

இதன்மேல் ஆங்கில எழுத்து முறையின் கோணலும் சேர்ந்து கொள்கின்றது. இருபத்தாறே எழுத்து, எளிய மொழி என்று பறையறைகின்றனர். அவ் இருபத்தாறு எழுத்தும் நாற்பதுக்கு மேற்பட்ட ஒலிகளைச் சுமக்க வேண்டியுள்ளமையைச் சொல்வதில்லை. இருமலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் இறுதியிலும், ஊடே என்று பொருள்படும் சொல்லின் இறுதியிலும், கரடுமுரடு என்று பொருள்படும் சொல்லின் இறுதியிலும் வருவன அதே நான்கெழுத்துகளே; ஒலிப்போ மூன்றும் மூவேறு. ஐரோப்பிய மொழிகள் பதின்மூன்றில் பிள்ளைகள் படிக்கத் தொடங்கும் வகையை ஒப்பிட்ட ஆய்வொன்று 2003-இல் வெளிவந்தது. பின்னியம் முதலிய பெரும்பாலான மொழிகளில் பிள்ளைகள் முதலாண்டு முடியுமுன் சொற்களைத் திருத்தமாகப் படித்துவிடுகின்றனர். ஆங்கிலப் பிள்ளைகளுக்கோ அதுபோல் இருமடங்குக்கு மேற்பட்ட காலம் தேவைப்படுகின்றது என்பது அதன் முடிபு. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளையின் நிலை இதுவாயின், ஆங்கிலத்தை வீட்டில் ஒருமுறையேனும் கேட்டிராத குளம்பித் தோட்டத் தொழிலாளியின் பிள்ளை என் செய்யும்?

தமிழுக்கு 247 எழுத்து, அது சுமை என்பார் கூற்றும் ஆராயத்தக்கதே. உயிர் 12, மெய் 18 ஆகிய முப்பதும் கைவந்தால், அவற்றின் கூட்டாகிய உயிர்மெய் 216-உம் ஒழுங்கில் விரியும். ஆய்தம் ஒன்று. ககரம் 'கல்' என்புழி வன்மையாகவும், 'பகல்' என்புழி மென்மையாகவும், 'தங்கம்' என்புழி வேறாகவும் ஒலிக்கின்றதே, இது குழப்பமன்றோ என வினவுவாரும் உளர். தமிழ் பேசும் பிள்ளையைக் கேட்பின் அதற்கு இவ் வேறுபாடு இருப்பதே தெரியாது. இடம் நோக்கித் தானாகவே திருத்தமாக ஒலித்துவிடும். செவி முன்னரே கற்றுவிட்டமையின் கண்ணுக்கு வேலை குறைவு. தாய்மொழியில் படித்தல் எளிதாதற்குரிய கரணியம் இதுவே.

சரி, தமிழில் தொடங்கினால் பின்னர் ஆங்கிலம் வருமா? இவ் ஐயத்திற்குத் தமிழ்நாட்டுக்கு வெளியே, பிற மலைகளிலும் பிற நாடுகளிலும் விடை கிடைத்துள்ளது. மெக்சிக்கோ நாட்டின் தென்கோடியில் சியாப்பசு என்னும் மலைப்பகுதி உண்டு. அங்கு வாழும் மாயா இன மக்களுக்குத் தம் மொழிகள் உள. நாட்டின் ஆட்சிமொழியோ இசுப்பானியம். நேரே இசுப்பானியத்தில் எழுத்தறிவிக்கப் பெற்ற பிள்ளைகளையும், தம் மலைமொழியில் எழுத்தறிந்து பின்னர் இசுப்பானியத்திற்குச் சென்ற பிள்ளைகளையும் நான்சி மொடியானோ என்னும் அம்மையார் ஒப்பிட்டாய்ந்து 1968-இல் முடிபை வெளியிட்டார். இசுப்பானியத்தைப் பொருளுணர்ந்து படிப்பதிலேயே, தாய்மொழியில் தொடங்கியவரே மேம்பட்டு நின்றனர். அவர்க்குக் கற்பித்த ஆசிரியரும் அம் மலைமக்களுள் தோன்றியவரே என்பதும் கருதத்தக்கது.

ஆப்பிரிக்காவில் நைசீரிய நாட்டு இஃபே பல்கலைக்கழகத்தார் 1970-இல் ஒரு முயற்சி தொடங்கினர். தொடக்கப்பள்ளி ஆறாண்டும் யொரூபா மொழியிலேயே பாடங்களைக் கற்பித்து, ஆங்கிலத்தை ஒரு மொழிப்பாடமாக மட்டும் வைத்தனர். மூன்றாண்டிலேயே ஆங்கில வழிக்கு மாறிய பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, இவர்கள் பிற பாடங்களில் முந்தினர், ஆங்கிலத்திலும் பிந்தினாரல்லர். பிள்ளைக்குக் கல்வி புகட்டத் தாய்மொழியே சிறந்த வாயில் என்று யுனெசுகோ அமைப்பு 1953-இலேயே அறிவித்திருந்தது. கனடா நாட்டுக் கல்வியறிஞர் சிம் கம்மின்சு, 1979-இல் தொடங்கி, இதன் அடிப்படையை விளக்கினார். இரண்டு மொழிகளும் நீர்மேல் தோன்றும் பனிப்பாறையின் இரு முகடுகள் போல்வன. நீருக்கடியில் அவற்றின் அடிப்பகுதி ஒன்றே. ஒரு மொழியில் ஊன்றிப் படிக்கக் கற்றவன் அடைந்த திறம் மற்றொரு மொழிக்கும் செல்லும் என்பது அவர் கருத்து. படிக்கும் திறம் ஒருமுறைதான் பிறக்கின்றது. அது பிறக்க வேண்டிய இடம் தாய்மொழி.

ஆங்கிலவழிப் பள்ளியார் இதற்கு ஒரு மறுப்புக் கூறுவர். அதே கனடாவில் மொந்திரியால் நகரை அடுத்த செயிண்டு இலாம்பெர்ட்டு என்னுமிடத்தில் 1965-இல் ஆங்கிலப் பிள்ளைகளை நேரே பிரஞ்சு மொழியில் படிக்க வைத்தனர். அவர்கள் பிரஞ்சும் கற்றனர், ஆங்கிலத்திலும் குறைந்தாரல்லர் என்பர். உண்மைதான். ஆனால், அப் பிள்ளைகளின் தாய்மொழி எது? உலகாளும் ஆங்கிலம். வீட்டில் நூல், வாயிலில் செய்தித்தாள், தெருவில் பலகை, நாட்டில் ஆட்சி ஆகிய யாவும் அவர்தம் தாய்மொழியைத் தாங்கி நின்றன. பள்ளி அவர்க்கு மேலும் ஒரு மொழியைச் சேர்த்தது. அப் பள்ளிகளை ஆராய்ந்த உளவியலறிஞர் உவாலசு இலாம்பெர்ட்டு தாமே, சேர்க்கும் இருமொழிமை வேறு, கழிக்கும் இருமொழிமை வேறு என்று பிரித்துக் காட்டினார். வலுவுள்ள மொழியார் பிறமொழி கற்றால் ஒன்றோடு ஒன்று கூடி இரண்டாகும். வலுவிழந்த மொழியார் தம்மொழியைக் கைவிட்டுப் பிறமொழிக்கு ஓடினால் இரண்டும் கழிந்து எஞ்சுவது அரையே. பண்ணைக்காட்டுப் பிள்ளைக்கு நடப்பது கூட்டலா, கழித்தலா? வீட்டில் ஒரு தமிழ்நூல் இல்லை. தெருவில் தமிழ்ப்பலகை இல்லை. பள்ளியிலும் தமிழ் ஒரு மூலையில். பின்னர்க் கூட்டல் ஏது?

முதன்மொழி இரண்டாம் மொழியின் படிப்பில் தன் தடத்தைப் பதிக்காமல் விடாது. தமிழ்ப்பிள்ளை மெய்யிரண்டு முதலில் நிற்கும் ஆங்கிலச் சொல்லைக் கண்டால் முன்னே ஓர் இகரத்தைச் சேர்த்து ஒலிக்கின்றது. இது கண்டு நகைப்பார் பலர். மெய்யெழுத்து மொழிமுதலாகாது என்று தொல்காப்பியர் கண்ட நெறி, அப் பிள்ளையின் நாவில் கல்லாமலேயே குடியிருக்கின்றது. அது நகைப்புக்குரிய குறையன்று. பிரஞ்சுக்காரர் பேசும் ஆங்கிலத்திலும் அவர்தம் தாய்மொழியின் வாடை வீசத்தான் செய்கின்றது. பயிற்சியால் இது சிறிது சிறிதாக மாறும்.

இதன் மறுதலையே கேடு பயப்பது. ஆங்கிலத்தில் மட்டும் படித்துப் பழகிய கண், தமிழுக்கு வரும்போது ஆங்கில முறையையே உடன் கொண்டு வருகின்றது. ஆங்கிலத்தில் சொல் நிற்கும் இடமே செய்தவன் யார், செய்யப்பட்டது யாது என்பதைக் காட்டும். இடம் மாறினால் பொருளே மாறும். தமிழிலோ சொல்லின் ஈறு காட்டும். 'வேடன் புலியைக் கொன்றான்' எனினும், 'புலியை வேடன் கொன்றான்' எனினும் மாண்டது புலியே. ஐகார உருபு அதனைக் காக்கின்றது. சொல்லின் தலையை மட்டும் கண்டு ஈற்றைத் தாவும் ஆங்கிலப் பழக்கத்தால் தமிழ்ப்பிள்ளை தமிழையே தடுமாறிப் படிக்கின்றது. வேற்றுமை உருபு அதற்கு வெறும் வால். புணர்ச்சி அதற்குப் புதிர். லகர ளகர ழகரம் மூன்றும் அதற்கு ஒன்றே. தன் பாட்டி வாய்மொழியாகச் சொன்ன கதையையே அச்சில் கண்டால் அதற்கு விளங்காது.

பிறமொழியறிவு தாய்மொழிப் படிப்பைக் கூர்மைப்படுத்துதலும் உண்டு என்பதை மறைத்தல் நேர்மையன்று. இத்தாலி நாட்டினின்று வந்த வீரமாமுனிவரை (1680-1747) எண்ணிப் பார்க்க. பண்டை ஓலைச்சுவடிகளில் எகர ஒகரக் குறில்களுக்கும் ஏகார ஓகார நெடில்களுக்கும் புள்ளி ஒன்றே வேறுபாடு. ஓலையிலோ புள்ளி இடாமலே எழுதிச் சென்றனர். தமிழர் இடம் நோக்கிப் படித்துக் கொண்டமையால் அவர்க்குக் குறை தோன்றவில்லை. பிறமொழிக் கண்ணோடு வந்த முனிவர்க்கு அது புலப்பட்டது. நெடிலுக்குத் தனி வடிவம் அமைத்த சிறப்பு அவருக்கு வழங்கப்பெறுகின்றது. தம் தாய்மொழியில் முற்றக் கற்றுத் தேர்ந்த பின்னரே அவர் தமிழுக்கு வந்தார் என்பதை மறத்தலாகாது.

தனித்தமிழ் இயக்கத்தை 1916-இல் தோற்றுவித்த மறைமலையடிகள் ஆங்கிலத்திலும் நூல் எழுதியவர். அவர் திரட்டிய நூற்செல்வத்தைக் கொண்டே 1958-இல் சென்னையில் அவர் பெயரால் நூல்நிலையம் எழுந்தது. மொழிஞாயிறு பாவாணர் 1940-இல் 'ஒப்பியன் மொழிநூல்' இயற்றியவர். தமிழே உலக முதன்மொழி என்னும் கொள்கையை 1966-இல் ஆங்கில நூலாகவே எழுதி உலகின்முன் வைத்தார். இவர்களை ஆங்கிலம் விழுங்கவில்லை. இவர்களே ஆங்கிலத்தைக் கையாண்டனர். தமிழில் வேரூன்றி நின்றமையே அதற்குக் கரணியம்.

கொடைக்கானலின் வரலாறே இதற்கொரு சான்று பகரும். அமெரிக்கக் கிறித்தவப் பணியாளர் 1845-இல் அங்கு வந்து குடில் அமைத்தனர். 1901-இல் தம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியையும் நிறுவினர். சுற்றிலும் தமிழ் வழங்கும் மலையில், கடல்கடந்து வந்த ஒரு சிறு கூட்டத்தார், தம் மக்கள் தம் தாய்மொழியிலேயே கல்வி பெறல் வேண்டும் என்று ஒரு பள்ளியைக் கட்டினர். அது முற்றும் முறையான செயல். எவரும் குறைகூற இயலாது. அவரைக் கண்டு தமிழர் கற்றிருக்க வேண்டிய பாடமும் அதுவே. ஆனால் தமிழர் கற்றுக்கொண்டது யாது? அவர்தம் மொழியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்தம் மொழிப்பற்றை விட்டுவிட்டனர்!

தமிழுக்குக் கேட்கும் முறையைத் தமிழர் பிறர்க்கு மறுத்தலும் ஆகாது. பழனிமலைத் தொடரில் வாழும் பளியர், தமிழுக்கு மிக அணுக்கமான, ஆயினும் தமக்கெனத் தனிப்போக்குடைய பேச்சினர். அவர் பிள்ளைக்குப் பாடநூல் தமிழே பாதி புதியது. அப் பிள்ளையின் வாய்ச்சொல்லைக் கொச்சை என்று தள்ளாமல், தேனெடுத்தலும் கிழங்ககழ்தலும் பற்றிய அதன் சொற்களை எழுதிக்காட்டித் தொடங்கி, அங்கிருந்து நூல்வழக்குக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியரே மெய்யான ஆசிரியர்.

அரசு செய்தது யாது? 1968-இல் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்று இந்தியை விலக்கியது. அஃது அரும்பெரும் செயல். ஆனால் விலக்கப்பட்ட இடத்தில் அமர்ந்தது தமிழா? 1999-இல் முதல் ஐந்து வகுப்புகளுக்குத் தமிழ் அல்லது தாய்மொழியே பயிற்றுமொழி என அரசாணை பிறந்தது; 2000-இல் சென்னை உயர் முறைமன்றம் அதனை வீழ்த்தியது. தாய்மொழி வழியை அரசு கட்டாயப்படுத்துதல் இயலாது என்று 2014-இல் இந்திய உச்ச முறைமன்றமும் கருநாடக வழக்கில் தீர்ப்பளித்தது. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் ஒரு பாடமாகக் கட்டாயமாயிற்று, பாடமாக மட்டுமே. கூடுமானவரை தாய்மொழியே பயிற்றுமொழி ஆகுக என்று கூறும் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமே, ஏழைப் பிள்ளைகளுக்கென 25 விழுக்காட்டு இடங்களைத் தனியார் பள்ளிகளில் ஒதுக்கி, அரசுப் பணத்திலேயே அவரை ஆங்கில வழிக்கு அனுப்புகின்றது. 2012-2013-ஆம் ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. ஒன்றிய அரசின் 2020-ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை தாய்மொழி வழியைப் போற்றிப் பேசி, மூன்றாம் மொழியைப் பின்வாயிலில் நிறுத்துகின்றது. எல்லாரும் தாய்மொழியை வாயால் வாழ்த்துகின்றனர்; பிள்ளையின் கையில் அதனைக் கொடுப்பார்தாம் இல்லை.

படிக்கத் தெரியாமை வெறும் தேர்வுத் தோல்வியோடு நிற்பதன்று. தோட்டத்துக்கு வாங்கும் பூச்சிக்கொல்லிக் குப்பியை எடுத்துப் பார்க்க. அதன்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கனுள் ஒரு வண்ணக்குறி இருக்கும். நஞ்சின் கடுமையைக் காட்டுவது அது. சிவப்பே மிகக் கொடியது. எத்துணை நீரில் எத்துணை மருந்து கலப்பது, தெளித்தபின் எத்துணை நாள் கழித்துக் காய் பறிப்பது, தவறி உட்கொண்டால் மாற்றுமருந்து யாது என்னும் செய்திகள் உடன்வரும் தாளில் உள. அத்தாள் வட்டார மொழியிலும் இருத்தல் வேண்டும் என்பது 1971-ஆம் ஆண்டு நெறி. பன்னிரண்டாண்டு ஆங்கிலவழி பயின்ற மகன் அதனை எடுத்து, ஆங்கிலத்தில் ஒலிக்கத் தெரிந்தும் பொருள் தெரியாமலும், தமிழில் பொருள் தெரிந்தும் எழுத்து ஓடாமலும் நிற்பானாயின், பள்ளிக்குக் கட்டிய பணத்தால் அவன் தந்தை பெற்றது யாது?

இறுதியாக, பிறரைக் குறைகூறுமுன் தனித்தமிழ் அன்பர் தம் இல்லங்களை நோக்குதல் கடன். மேடையில் வடசொல் நீக்கி முழங்குவார் வீட்டுப் பிள்ளை, காலையில் ஆங்கிலப் பள்ளி வண்டிக்குக் காத்து நிற்பதை ஊரார் காணாமல் இல்லை. பிள்ளைக்குச் செந்தமிழ்ப் பெயர் சூட்டியதோடு கடமை முடிந்தது என்று எண்ணுவார் பலர். தன் பெயரைத் தமிழில் பிழையின்றி எழுதவறியாப் பிள்ளைக்கு அப் பெயர் எத்துணை அழகியதாயினும் அயற்பெயரே. அரசாணையை முறைமன்றம் தடுக்கலாம். வீட்டுத் திண்ணையில் தந்தை தன் பிள்ளைக்கு அகரம் எழுதிக் காட்டுவதைத் தடுக்க எந்த மன்றத்திற்கும் ஆற்றல் இல்லை.

ஆகலின், தமிழ்ப் பெற்றோர் செய்யத்தக்கன சிலவே. பிள்ளையின் முதலெழுத்து தமிழெழுத்தாகுக. அது தமிழ்நூல் ஒன்றைத் தங்குதடையின்றிப் படித்துப் பொருள் சொல்லும்வரை, வேற்றெழுத்தைத் திணியாதிருக்க. அதன்பின் ஆங்கிலத்தை, அதனை நன்கறிந்த ஆசிரியரைக் கொண்டு, ஒரு மொழியாக, முறையாகக் கற்பிக்க. அரைகுறையாகக் கற்பித்தலும் பிள்ளைக்குச் செய்யும் வஞ்சனையே. நாள்தோறும் இரவில் அரைமணி நேரம் வீட்டில் ஒருவர் உரக்கத் தமிழ் படிக்க, பிறர் கேட்க. பண்ணைக்காடு போலும் ஒவ்வோர் ஊரிலும் நான்கு இளைஞர் கூடி, கிழமைக்கொருமுறை பிள்ளைகளை அமர்த்திக் கதைநூல் படிப்பிக்க. மலைப்பாதையில் கடை வைத்திருப்போர் தம் பலகையில் தமிழை மேலே பெரிதாக எழுதுக; அவ்வழியே செல்லும் பிள்ளைக்கு அதுவும் ஒரு பாடநூலே.

குளம்பிச் செடியை நடுமுன் நிழல்மரம் வளர்க்கும் உழவர் வாழும் மலை அது. அவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிழல் முன், செடி பின். தமிழ் முன், பிறமொழி பின். முறை மாறாமல் நடுக, இரண்டும் தழைக்கும்!